பொட்டலத்தில் வந்த ஊர்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் வார இதழ்களின் இணைப்புகளிலும் தொலைக்காட்சியிலும் காணொளிகளிலும் ஒரு பட்டியல் தவறாமல் வந்துவிடும். மதுரை என்றால் ஜிகர்தண்டா, திருநெல்வேலி என்றால் அல்வா, விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, மணப்பாறையில் முறுக்கு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், தூத்துக்குடியில் மக்ரூன், கும்பகோணத்தில் டிகிரி காபி. ‘அந்தப் பக்கம் போனால் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள்’ என்ற வாக்கியத்தோடு அது முடியும். பொழுதுபோக்கு என்று நாம் புரட்டிவிட்டுப் போகும் இந்தப் பட்டியல்களுக்கு இன்று ஓர் இலக்கிய வகைக்குரிய எல்லா இலக்கணமும் உண்டு. நிலையான தொடக்கம், நிலையான முடிவு, எதிரே நிற்கும் ஒரு கற்பனை வாசகர். கதையையும் சினிமாவையும் விமரிசிக்கும் நாம் இதையும் ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் என்ன? முதல் கேள்வி எளிமையானது: ‘சாப்பிட்டுப் பாருங்கள்’ என்று சொல்லப்படும் அந்த ‘நீங்கள்’ யார்?

தமிழில் ‘பார்’ என்ற துணைவினைக்கு ஒரு விசேஷம் உண்டு. செய்து பார், போய்ப் பார், குடித்துப் பார் என்னும்போது அது விளைவைப் பற்றிய கவலையில்லாமல் முயன்றுபார்க்கும் சுதந்திரத்தைக் குறிக்கிறது. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே வினையோடு சேர்த்து வழங்கப்படவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த ஒரு பெண், தன் கைப்பக்குவத்தை அளவும் முறையுமாக எழுதிப் புத்தகமாக்கியது சாதாரணச் செயல் அல்ல. கல்யாணமாகி அயலூர் போன பெண்களின் பெட்டிகளில் அந்தப் புத்தகமும் போனது. ஊர்விட்டு ஊர் போகும் பெண்ணுக்குத் தமிழ்ச் சமூகம் சொன்னது ‘சமைத்துப் பார்’. ஊர்விட்டு ஊர் போகும் ஆணுக்குச் சொன்னது ‘சாப்பிட்டுப் பார்’. நமது உணவுப் பட்டியல்கள் இந்த இரண்டாவது கட்டளையின் வழித்தோன்றல்கள்.

இதைச் சோதிப்பது கடினமில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பண்டத்துக்கும் நேரே, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படி நின்று அல்லது உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். மதுரையின் முட்டைப் பரோட்டாவும் கறிதோசையும் இரவு பத்து மணிக்குமேல் ருசிப்பவை என்பார்கள். விளக்குத்தூண் பக்கத்து ஜிகர்தண்டாவைக் கூட்டத்துக்குள் கைநீட்டி வாங்கி, தெருவோரத்தில் நின்று குடிக்க வேண்டும். டீயை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பத்திரிகையின் ஒரு தாளைப் பங்குபோட்டுக்கொண்டு குடிக்க வேண்டும். எழுதி முடித்தால் பட்டியல் இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஒன்று, அங்கேயே, அப்போதே, சூட்டோடோ குளிரோடோ சாப்பிட வேண்டியவை. மற்றது, நாலு நாள் கெடாமல் இருப்பவை: அல்வா, முறுக்கு, கடலைமிட்டாய், மக்ரூன், பால்கோவா. முதல் வகை தெருவுக்குரியது. இரண்டாவது வகை பொட்டலத்துக்குரியது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் வெளியூர்ச் சுவை என்று அறிந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான்.

அல்வாவும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கணவனைத் தமிழ் சினிமாவும் நகைச்சுவைத் துணுக்குகளும் பல பத்தாண்டுகளாக நமக்குக் காட்டிவருகின்றன. கொச்சையான சிரிப்புக்குப் பயன்பட்ட அந்தக் காட்சியில் ஒரு சமூக உண்மையும் இருக்கிறது. அவன் போய் வந்தவன், அவள் காத்திருந்தவள். அவன் ஊரைப் பார்த்தான், அவளுக்கு ஊர் ஒரு காகிதப் பொட்டலத்தில் நூல் கட்டி வந்தது. அன்போடு வந்திருக்கலாம், வந்தும் இருக்கும். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு சாப்பிடுவது, பிடிக்கவில்லை என்று பாதியில் வைப்பது ஆகிய மூன்றும் பொட்டலத்தில் வருவதில்லை. வந்ததையும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பங்கிட்ட பிறகு காகிதத்தில் ஒட்டியிருக்கும் நெய்யைத்தான் பல பெண்கள் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் நேரில் போய்ச் சாப்பிட்டதே இல்லையா என்றால், போனார்கள். அதற்கென்று ஒரு பலகை இருந்தது: ‘ஃபேமிலி ரூம்’. ஓட்டலின் முன்கூடத்தில் ஆண்கள் ஆண்களாக உட்காரலாம். பெண் உள்ளே வரக் குடும்பமாக இருக்க வேண்டும். திரையோ தடுப்போ வைத்த அந்த அறை பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்டது. முன்கூடத்தை எல்லோருக்கும் பாதுகாப்பானதாக ஆக்குவது என்ற இன்னொரு வழி யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக் கடையில் ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்தால், தண்ணீர் வைக்கும் பையன் ‘எத்தனை பேர்க்கா?’ என்றுதான் கேட்பான்.

பெண்கள் பயணம் போனபோது கூடவே இன்னொன்றும் போனது: கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழையிலை, ஊறுகாய், தண்ணீர்க் கூஜா. ரயில் ஆறு மணிக்கென்றால் வீட்டுப் பெண்கள் மூன்று மணிக்கு எழுந்திருப்பார்கள். வண்டி கிளம்பியதும் மற்றவர்கள் ஜன்னலோரம் பிடிக்க, இவர்கள் யாருக்கு எத்தனை இட்லி என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். கட்டுச்சோற்றின் மணத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கட்டியவர்கள் அல்லர். சமையலறையின் வேலை பயணத்திலும் நிற்கவில்லை, இடம் மட்டும் மாறியது என்பதைக் கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘பெண்கள் வெளியில் சாப்பிடுவதில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், மீன்கூடை சுமந்து ஊர்ஊராய்ப் போகும் பெண்கள், விடியும் முன்பே சந்தைக்கு வரும் பூக்காரிகள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லாரும் தெருவில்தான் டீ குடிக்கிறார்கள், தெருவில்தான் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வெளியே வாய் வைக்காத பெண் என்ற படிமம் இடைநிலை, உயர்சாதி வீடுகளின் கௌரவத்திலிருந்து பிறந்தது. கட்டுச்சோற்றுக்குப் பின்னாலும் தீட்டு பற்றிய கணக்கு இருந்தது. யார் கை பட்ட சோறு என்ற கேள்விக்குப் பயந்தவர்கள் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டார்கள். உணவகப் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருப்பதை எதிர்த்துத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியாரின் தொண்டர்கள் 1957இல் மறியல் செய்ய வேண்டியிருந்தது. தலித் மக்களுக்குத் தனிக்குவளை வைத்த டீக்கடைகளைப் பற்றிய செய்திகள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் வந்துகொண்டிருந்தன. ஆக, ஒரு பெண் கட்டுச்சோறு கொண்டுபோனது தன் ‘சுத்தத்தை’க் காக்க, இன்னொரு பெண் கொண்டுபோனது கடைக்குள் தன்னை மரியாதையாக உட்கார வைக்கமாட்டார்கள் என்பதால். இந்த இரண்டு தூக்குவாளிகளையும் ஒன்றாக வைத்துப் ‘பெண்ணின் அனுபவம்’ என்று பேசக் கூடாது. பட்டியல்காரர்கள் ‘நம்ம ஊர்ச் சுவை’ என்று எழுதும்போது இந்த வரலாறு முழுவதும் ‘நம்ம’ என்ற சொல்லுக்குள் காணாமல் போகிறது.

அடுத்தது உடம்பு. ‘வழியில் இளநீர், பதநீர், நன்னாரி சர்பத் எதையும் விடாதீர்கள்’ என்று எழுதுபவர், குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்ததில்லை. பெண்கள் யோசிக்காமல் இருந்ததில்லை. தொலைதூரப் பயணம் என்றால் முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நம்மில் பலருக்குப் பல் துலக்குவதுபோல் பழகிப்போன காரியம். இரவுப் பேருந்து நெடுஞ்சாலை உணவகத்தில் நிற்கும்போது பாருங்கள். ஆண்கள் இறங்குவார்கள், இருட்டில் நாலு அடி நடந்து திரும்பி வந்து டீ சொல்வார்கள். பெண்களில் பாதிப் பேர் இறங்கவே மாட்டார்கள். இறங்குபவர்கள் முதலில் தேடுவது கழிப்பறையை. அது ஈரமும் நாற்றமுமாக, தாழ்ப்பாள் இல்லாமல், விளக்கில்லாமல் இருக்கும். வாசலில் காசு வாங்க மட்டும் ஓர் ஆள் இருப்பார். ஒருத்தி உள்ளே போக, மற்றவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் நடத்துநர் விசில் அடித்துவிடுவார். டீ குடிக்க நேரம் எங்கே? மாதவிடாய் நாளாக இருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், சர்க்கரை நோயாளியாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். அடக்கியடக்கிச் சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்வதும் நம் பயண அனுபவங்களில் ஒன்றுதான். எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். வேலைக்கும் படிப்புக்கும் மட்டுமல்லாமல், தோழியைப் பார்க்க, கடைத்தெருவைச் சுற்ற, சும்மா ஓர் ஊருக்குப் போய்வர இதைப் பயன்படுத்தும் பெண்கள் உண்டு. அதைத்தான் சிலர் ‘ஓசி’ என்று ஏளனம் செய்தார்கள். பெண் காரணமில்லாமல் வெளியே போவதுதான் அவர்களை உறுத்தியது. பயணச்சீட்டின் தடை கொஞ்சம் விலகியதும் அடுத்த தடைகள் தெளிவாகத் தெரிகின்றன. பேருந்தில் ஏறி நாற்பது நிமிடத்தில் பக்கத்து ஊருக்குப் போய்விடலாம். அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து, யாரும் முறைக்காமல் ஒரு வடையும் டீயும் சாப்பிட இடம் இருக்கிறதா? கழிப்பறை இருக்கிறதா? பயணத்தின் உரிமை பேருந்துப் படிக்கட்டோடு முடிவதில்லை.

இதுவரை உண்பவர் பக்கம். ஆக்குபவர் பக்கம் போனால் பட்டியலின் மௌனம் இன்னும் பெரிது. ஒரு கிளாஸ் ஜிகர்தண்டாவை எடுத்துக்கொள்வோம். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், அடியில் கடல்பாசி அல்லது பாதாம் பிசின். மதுரையின் பெருமை, நாயக்கர் மகால், மீனாட்சி கோயில் என்று எழுதுபவர்கள் அந்தக் கடல்பாசி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. ‘அகர் அகர்’ என்று கடையில் விற்கும் அந்தப் பாசி, கடலடியில் வளரும் செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில், பாம்பன், ராமேஸ்வரம் பகுதித் தீவுகளைச் சுற்றி, தலைமுறைகளாக அதைப் பறித்துவருபவர்கள் பெண்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் செருப்பையோ தகட்டையோ கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கிறார்கள். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும். அங்குள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, காலங்காலமாகப் போன இடத்துக்குப் போவதே குற்றமானது. வளம் அழியாமல் இருக்க மாதத்தில் இத்தனை நாள்தான் போவது என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, அதே நேரம் தம் உரிமைக்காகவும் இந்தப் பெண்கள் பேசினார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசச் சூழலியல் விருது கிடைத்தது. இவ்வளவு இருந்தும் ஜிகர்தண்டா பற்றிய எத்தனை காணொளிகளில் ஒரு பாம்பன் பெண்ணின் முகம் வந்திருக்கிறது? கிளாசின் அடியில் கிடக்கும் பாசிபோல, அவர்களின் வேலையும் அடியிலேயே கிடக்கிறது.

நெடுஞ்சாலைகளில் இப்போது பெருகியிருக்கும் கருப்பட்டிக் காபிக் கடைகளும் அப்படியே. பனையேறும் ஆணின் உழைப்பு ஆபத்தானது. அது பேசப்படுவது நியாயம். இறக்கிய பதநீரை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, புகைக்குள் நின்று கிளறி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். மணப்பாறையில் முறுக்குச் சுற்றும் கைகளிலும் பெண்களின் கைகள் ஏராளம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. வேறு ஊரில் செய்து இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. நல்லதுதான். சுற்றும் கைக்கும் கிளறும் கைக்கும் என்ன கூலி என்பது அதன் கவலை அல்ல.

சமைப்பவர் ஆணென்றால் அவருக்கு ஒரு பட்டம் உண்டு: மாஸ்டர். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், பிரியாணி மாஸ்டர். அவரிடம் இருப்பது தொழில், ரகசியம், கைத்திறன். சமைப்பவர் பெண்ணென்றால் அக்கா கடை, ஆயா கடை, ஆச்சி மெஸ். அவரிடம் இருப்பது பாசம், தாய்மை, கைமணம். கோவைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற பாட்டியை 2019இல் நாடே கொண்டாடியது. எல்லோரும் அவரது தியாகத்தைப் பாராட்டினார்கள். எண்பது வயதில் ஒரு பெண் தனியாகக் கடை நடத்தும் நிர்வாகத்தை, ஒரே பதத்தில் தினமும் மாவரைக்கும் திறமையைப் பற்றி யார் கேட்டார்கள்? அன்பு என்று சொல்லிவிட்டால் விலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேச வேண்டியதில்லை அல்லவா?

இன்னொரு பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. தமிழ் யூடியூபில் அதுவே முதல்முறை. வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, ஆண்கள் கூடி, உரக்கப் பெயர்சொல்லிப் பொருட்களைப் போட்டுச் சமைப்பதைப் பெண்களும் விரும்பிப் பார்க்கிறோம். ஆண்கள் வெங்காயம் உரிப்பதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே குழம்பை நாலு சுவருக்குள் தினமும் வைப்பவளுக்குப் பார்வையாளர் கிடையாது. சமையல் திறந்தவெளிக்கு வந்து, விருப்பப்பட்ட நாளில் செய்யப்படும்போது கொண்டாட்டமாகிறது. உள்ளே, விருப்பம் கேட்கப்படாமல் செய்யப்படும்போது கடமையாகிறது.

‘காலம் மாறிவிட்டதே, பெண்கள் எல்லா இடத்திலும்தானே சாப்பிடுகிறார்கள், பெண் உணவு விமரிசகர்களே வந்துவிட்டார்களே’ என்று கேட்கலாம். உண்மை. குளிர்சாதன காபிக்கடையில் இருநூறு ரூபாய் கொடுத்தால் ஒரு மணிநேரம் மரியாதையாக உட்காரலாம், கழிப்பறையும் உண்டு. பத்துப் பதினைந்து ரூபாய் டீயோடு உட்காரக் கிடைக்காத நிம்மதியை அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்க முடியாதவள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் அதையும் குடிக்காமல் திருப்பிக் கொண்டுவருகிறாள். 2015இல் கராச்சியில் தொடங்கிய ‘கேர்ள்ஸ் அட் தாபாஸ்’ இயக்கத்துப் பெண்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். தெருவோரத் தாபாவில் உட்கார்ந்து டீ குடித்தார்கள், அதைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டினார்கள். அவ்வளவு சிறிய செயலுக்கு அவ்வளவு பெரிய எதிர்ப்பு வந்தது. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011இல் வந்த ‘ஒய் லாய்ட்டர்?’ நூலும், காரணம் எதுவும் காட்டாமல் பொதுவெளியில் சும்மா இருக்கும் உரிமையைத்தான் கோரியது. டீக்கடை பெஞ்சில் அரசியல் பேசப்படுகிறது, வேலைச் செய்தி பரிமாறப்படுகிறது, ஊர் விவகாரம் முடிவாகிறது. பெஞ்சில் இடமில்லாதவளுக்கு அந்தப் பேச்சிலும் இடமில்லை.

அப்படியென்றால் பட்டியல்களைக் கிழித்துப் போட வேண்டுமா? வேண்டாம். நாவின் ஆசையைக் கேவலமாகப் பேசி நம்மை அடக்கியது போதும். பெண்ணியமும் அதே வேலையைச் செய்யக் கூடாது. எண்ணெய்ப் பரோட்டாவுக்கு ஆசைப்படுவது நல்ல ஆசை. நாம் செய்ய வேண்டியது வேறு பட்டியல் எழுதுவது. கல்லூரி மாணவிகள் ஒரு வகுப்புப் பயிற்சியாகவே இதைத் தொடங்கலாம். உங்கள் ஊரின் பெயர்போன பண்டம் ஒன்றை எடுங்கள். அதன் சுவைக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதுங்கள்: அந்தக் கடையில் ஒரு பெண் தனியாக உட்கார முடியுமா, எத்தனை மணிவரை? தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எந்தச் சாதிக்காரர் வந்தாலும் ஒரே குவளையா, ஒரே பெஞ்சா? உள்ளே அரைப்பவர், உருட்டுபவர், பாத்திரம் கழுவுபவர் யார், அவருக்கு ஒரு நாளைக்கு என்ன கிடைக்கிறது? நான்கு பக்கம்கூட வராது. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவரிடமும் பேருந்து நிலைய அதிகாரியிடமும் கடைக்காரரிடமும் பேச முடியும்.

எழுதுவதற்குப் போகும்போது இரண்டு மூன்று பேராகப் போங்கள். பார்சல் சொல்லாதீர்கள். முன்கூடத்திலேயே உட்காருங்கள். ‘எத்தனை பேர்க்கா?’ என்று கேட்டால், ஒருத்தியாக இருந்தாலும் ‘ஒருத்தர்தாம்ப்பா, சூடா ஒண்ணு கொண்டுவா’ என்று சொல்லுங்கள். பிடித்திருந்தால் இன்னொன்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் மீதம் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.